பேஸ்மென்றில் கிடந்த குட்டை வாள்

வோபர்ன் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்றில் தண்ணீர்க் குழாய் ஒன்று ஒழுகத் தொடங்கியது. சனிக்கிழமை காலை என் கணவர் ஏணியில் ஏறி சீலிங் பலகையைக் கழற்றினார். குழாய்க்குப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு துணிப்பொதி அவருடைய தோளில் விழுந்தது.

“இஞ்சரும், ஒருக்காக் கீழ வாரும்!”

நான் போவதற்குள் துணியைப் பிரித்துவிட்டார். கறுப்பு அரக்கு பூசிய உறை, நாடா சுற்றிய பிடி. கொஞ்சம் இழுத்தார். உள்ளே இரும்பு, ஆங்காங்கே துருப்பொட்டு.

“உது வாளெல்லோ!”

“ஓம். யப்பான்காரற்ற வாள் போல கிடக்கு.”

நான் உடனே படியேறிப் போய், முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சிரிப்பீர்கள். ஆனால் ஊரில் ஆமி தேடி வரும்போது சீலிங்குக்குள் ஆயுதம் அகப்பட்டால் அந்த வீட்டுச் சனத்துக்கு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். இந்த நாட்டில் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த பிறகும் கால்கள் அதை மறக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் அரத்தாள் தேடிக்கொண்டிருந்தார்.

“வினாகிரி போட்டு உரஞ்சினால் பளிச்செண்டு வந்திடும்.”

“ஒண்டும் செய்யாதேங்கோ. ஆற்றையோ சாமான்.”

வீட்டை எங்களுக்கு விற்றவர் யப்பானிய வம்சத்து முதிய பெண். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வீடு விற்றுத் தந்த ஏஜென்டிடம் தொலைபேசி எண்ணை வாங்கி நானே அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“சின்ன வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்,” என்றார் ஆங்கிலத்தில். “அப்பா அதை எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டாம்.” தொலைபேசியை வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது மறுபடி பேசினார். “உலகப்போர் முடிந்த பிறகுதான் அப்பா எங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்து அந்த வீட்டை வாங்கினார். போர்க்காலத்தைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். அந்த வாளால் என்ன செய்தார் என்று கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. இப்போது அவர் இல்லை.”

அப்படிக் கேட்காமல் விட்ட பிள்ளைகள் எங்கள் சனத்திலும் இருக்கிறார்கள்.

என் அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார். ஒசாக்காவில் பல ஆண்டுகள் இருந்தபோது, பழைய வாள்களைப் பார்த்துப் படிக்கும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தவர். கேட்டதும் அடுத்த வார இறுதியில் வந்தார். இந்த நாட்டில் ஒரு பழைய வாள் வீட்டில் இருப்பது குற்றமில்லை என்று அவர் சொன்னபோதே பாதி உயிர் திரும்பி வந்தது.

கை கழுவித் துடைத்துவிட்டு, பிடியில் இருந்த சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். பிடி கழன்று வந்தது. அதற்குள் மறைந்திருந்த அடிப்பகுதி கரும்பழுப்பாக இருந்தது. ஒரு பக்கம் சில எழுத்துகள்.

“அண்ணா, இந்தத் துருவ சுரண்டினீங்களா?”

“இல்லைத் தம்பி. மனிசி விடேல்லை.”

“நல்லவேளை! இந்த நிறம் வர ரொம்பக் காலம் ஆகும். இதச் சுரண்டியிருந்தா வயசு சொல்றதே கஷ்டம்.”

“எழுத்து இருக்குத்தானே, அதில காலம் இல்லையோ?” என்று கேட்டேன்.

“வெறும் பேருதாங்க்கா. அத நம்பக்கூடாது. பெரிய கொல்லர் பேர வெட்டி வித்தவங்க அந்தக் காலத்துலயே இருந்தாங்க. மொதல்ல உடம்பப் பாக்கணும், அப்புறம்தான் பேரு.”

யன்னல் வெளிச்சத்தில் வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வளைவு குறைவாக இருப்பதையும், நுனியை நோக்கி ஒடுங்கிப் போவதையும், விளிம்பு நெடுக மேகம் போல ஓடிய வெண்ணிற வரியையும் எங்களுக்குக் காட்டினார். முந்நூறு, முந்நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கும் என்றார்.

“அப்ப அந்தச் சண்டையில பாவிக்கேல்லைத்தானே?”

அவர் உடனே ஓம் சொல்லவில்லை. “பழைய வாளையும் ஆபீசருங்க போருக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்கக்கா. வயச மட்டும் வச்சு அதச் சொல்ல முடியாது.”

அவர் உறையை எடுத்துத் திருப்பினார்.

“ஆனா பாருங்க, இது குட்டை வாள். ராணுவத்துல பெரும்பாலும் நீள வாள்தான். பெல்ட்ல தொங்கவிட வளையம் இருக்கும். இதுல அது இல்ல, மாட்டின தடமும் இல்ல. பிடி, உறை எல்லாம் அந்தப் போருக்கு ரொம்ப முந்தின வேலை, யாரும் மாத்தல. அந்தக் காலத்து வியாபாரிங்க நீள வாள் வச்சுக்க முடியாது. வெளியூர் போறப்ப இந்த மாதிரி ஒண்ணத்தான் இடுப்புல செருகிப்பாங்க.”

படங்களை ஒசாக்காவில் இருந்த தன் ஆசிரியருக்கு அனுப்பினார். சில நாளில் பதில் வந்தது. காலம் சரி, போருக்குப் போன அடையாளம் எதுவும் தெரியவில்லை, வெட்டியிருக்கும் பெயர் மட்டும் பொய் என்று.

அன்றே அந்த அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“வியாபாரிகளா?” என்று கேட்டார். “அப்பாவின் முன்னோர்கள் சோயாச் சாறு காய்ச்சி ஊரூராகக் கொண்டுபோய் விற்றவர்கள்.” சிரிப்பது போலத் தொடங்கியது அழுகையாயிற்று. நான் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. உங்கள் அப்பா போருக்குப் போனாரா இல்லையா என்பது இதிலிருந்து தெரியாது என்றேன்.

“தெரியும். போயிருக்கலாம். ஆனால் இதைக் கொண்டு போகவில்லை. இவ்வளவு காலமும் நான் பயந்தது இதைத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மருமகனோடு வந்தார். மிகச் சிறிய உருவம். மேசையில் வைத்திருந்த வாளை நின்றபடியே பார்த்தார். பிறகு உறையின் மேல் உள்ளங்கையை வைத்து, யப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். மருமகனுக்கும் அது விளங்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தேத்தண்ணியும் மரக்கறி ரோல்ஸும் வைத்தேன். அந்த அம்மா உறைப்பு போதாது என்று சில்லி சோஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது வாளை மருமகனிடம் கொடுக்காமல், தன் மடியில் கிடத்திக்கொண்டு காரில் இருந்தார்.

கார் தெருமுனையில் திரும்பியதும் என் கணவர் ரோல்ஸ் வைத்த வெறுந்தட்டைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்டும் மிச்சம் விடேல்லை, கண்டனீரே?”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.