மணி அடித்தால் ஓட வேண்டும்

எங்கள் மாதா கோயில் மணியை அடிப்பவருக்கு மணியண்ணன் என்றே பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஆள் வாயில்லாப் பூச்சி. அண்ணி நேர்மாறு, ஒரு சொல் சொன்னால் ஒன்பதாகத் திருப்பித் தருவாள். அதெல்லாம் பூமி குலுங்கிய அந்தக் காலைக்கு முன்னால்.

அடுப்படியில் நின்றிருந்த அண்ணி, தரை ஆடியதும் கையில் பிடித்த கரண்டியோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். ஒரே மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வீடு தரைமட்டம். கோயிலும் போயிற்று. மணி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இடிபாட்டில் கிடந்தது. பாழாய்ப்போன பித்தளையை விட்டுவைக்கத் தெரிந்த சாவுக்கு, அந்தப் பிள்ளையை விட்டுவைக்கத் தெரியவில்லை.

அந்த மணியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சின்னச் சின்ன நடுக்கம் வந்துகொண்டே இருந்தது. யார் முதலில் உணர்கிறாரோ அவர் மணியடிக்க வேண்டும். கேட்டவர்கள் போட்டது போட்டபடி வெளியே ஓட வேண்டும். பூசைக்குக் கூப்பிட ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டிக்கொண்டோம்.

அண்ணி அதற்குப் பிறகு எந்தக் கூரைக்குள்ளும் கால் வைக்கவில்லை. வெட்டவெளியில் பாய் போட்டுப் படுப்பாள். மழை வந்தால் குடை. பயந்துவிட்டாள், பாவம் என்றோம்.

கோயிலைத் திரும்பக் கட்டும் வேலையில் மணியண்ணன் பேயாய் உழைத்தார். பெண்கள் நாங்கள் பழைய செங்கலில் ஒட்டிய காரையைச் சுரண்டி அடுக்குவோம். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் கொத்தனாரிடம் கொடுப்பார்.

"அண்ணே, நீங்க தட்டுற தட்டுல நல்ல கல்லும் உடைஞ்சிடும். கொஞ்சம் தள்ளிப் போங்க!" என்று கொத்தனார் கத்துவார்.

ஒருநாள் மணியண்ணன் என்னிடம் சொன்னார். "கூரை நிக்கும்னு கண்ணால பார்த்துட்டா அவ கோயிலுக்குள்ள வந்துடுவா தங்கச்சி. அப்புறம் வீட்டுக்குள்ளயும் வருவா. எனக்கு அது போதும்."

திறப்பு நாள் வந்தது. மணி புதுக் கோபுரத்துக்கு ஏறியிருந்தது. ஆனால் பங்குச் சாமியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "கொஞ்ச நாளைக்குத் தண்டவாளமே போதும். சனங்களுக்குக் காது பழகட்டும்." மணியண்ணனும் தலையாட்டியிருந்தார்.

அண்ணி வந்தாள். வாசலில் தயங்கி நின்றாள். பிறகு விறுவிறுவென்று போய் நடுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணிக்கயிற்றுப் பக்கம் நின்ற மனுஷனைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

பூசை நடுவில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தினார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பெரிய மணி அடிப்பது வழக்கம். சந்தோஷத்தில் மணியண்ணனின் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. இழுத்தாரே பார்க்கணும் கயிற்றை!

அவ்வளவுதான். துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினோம். பெஞ்சுகள் கவிழ்ந்தன. சாமியாரே பூசையுடுப்போடு என்னை முந்திக்கொண்டு போனார். வெளியே வந்து நின்றால், ஓர் இலைகூட ஆடவில்லை. வந்ததே எனக்குக் கோபம்! அந்த ஆளை நறுக்கென்று நாலு கேள்வி கேட்க நான்தான் முதலில் உள்ளே திரும்பினேன்.

அண்ணி எழுந்திருக்கவே இல்லை. அதே பெஞ்சில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். மணியண்ணன் அவள் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"பயப்படாதம்மா. நடுக்கமெல்லாம் இல்ல. நான்தான் மறந்துபோய் அடிச்சிட்டேன். கூரை விழாது."

"விழாதா?" என்றாள் அண்ணி. அவள் முகம் தொங்கிப்போயிற்று. "புள்ளைய உள்ள விட்டுட்டு ஓடினவ நான். இந்தத் தடவை ஓடாம உட்கார்ந்திருந்தேனே..."

திட்ட வந்த நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அண்ணி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பொய் மணி என்று சிரித்துக்கொண்டு உள்ளே வந்த கூட்டத்தை விலக்கி வெளியே தன் பாய்க்குப் போனாள். ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்த அந்த மனுஷன், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் முகத்தைப் புதைத்து அழுதார்.