கடகத்துக்கு ஒரு கிலோ

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது புதன்கிழமை. எனக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே பயம் தொடங்கிவிடும். காய்ச்சல் அடிக்குமோ, ஊசி போட்ட இடம் கட்டிக்கொள்ளுமோ, மருந்து தீர்ந்துபோச்சு என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ, போகிற வழியில் மழை பிடித்துக்கொள்ளுமோ. சித்திரை வெயிலில் தூத்துக்குடியில் மழையை நினைத்துப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குப் பயம் முதலில் வரும். காரணம் பிறகு மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும்.

ஆனால் மகளுடைய ஒன்பதாம் மாத ஊசிக்கு முன்னால் வந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் எடை குறைந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி மண்டியில் எடை போடுகிற வேலை. ஊர்களிலிருந்து கருப்பட்டி வரும். அதைக் கடகத்தில் அள்ளி வைத்து நிறுப்பார்கள். கடகம் என்றால் பனைநாரில் முடைந்த பெரிய பெட்டி. நாள் முழுக்க அவர் வாயில் அதே பாட்டுத்தான்: "கடகத்துக்கு ஒண்ணு கழி." பெட்டியின் எடை ஒரு கிலோ. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லுவார். வீட்டில் சோறு போட்டால்கூடத் தட்டைக் கையில் தூக்கிப் பார்க்கிற ஆள்.

அந்தச் சனிக்கிழமை மண்டிக்குப் புதிதாக எலக்ட்ரானிக் தராசு வந்தது. மகளையும் தூக்கிக்கொண்டு நான் போயிருந்தேன். பழைய தராசை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதியதை நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். முதலாளி அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"ஏலே, மொத எடை பச்சப் பிள்ளையா இருக்கட்டும். மண்டி வளரும்" என்றார் அவர்.

அவரே ஒரு கடகத்தைத் தூக்கித் தராசில் வைத்தார். என்னவோ ஒரு பட்டனை அமுக்கினார். கீக் என்று சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் மகளை அதற்குள் உட்காரவைத்துவிட்டு, எண் தெரிகிற பக்கம் போய்க் குனிந்தார். அவள் கடகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த கருப்பட்டித் தூளை நக்கப் பார்த்தாள்.

"எட்டு. கடகத்துக்கு ஒண்ணு கழி. ஏழு" என்றார் அவர்.

அண்ணாச்சி கைதட்டினார். நான் தட்டவில்லை. போன மாதம் சுகாதார நிலையத்தில் நர்சம்மா நிறுத்தபோது அவள் ஏழே முக்கால். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன்தான். ஆனால் ஏழே முக்காலுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். முக்கால் கிலோ கருப்பட்டி குறைந்தால் எறும்பு தின்றது என்று சொல்லலாம். முக்கால் கிலோ பிள்ளை எங்கே போகும்?

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். அவர் முகமும் மாறிப்போனது. "தராசு பொய் சொல்லாதுளா" என்றார். பிறகு அவர் சாப்பிடவில்லை.

புதன்கிழமை வரைக்கும் என் வீட்டில் நடந்தது ஒரு போர். கேழ்வரகுக் கூழ், நெய் விட்ட பருப்புச் சோறு, முட்டையின் மஞ்சள் கரு, மசித்த வாழைப்பழம். அவள் இரண்டு வாய் வாங்குவாள். மூன்றாவதை என் முகத்தில் துப்பிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கிற பிள்ளைக்கு என்ன நோய் இருக்கும் என்று நினைப்பேன். சிரிக்கச் சிரிக்க இளைக்கிற நோய் ஏதாவது இருக்குமோ என்று அடுத்து நினைப்பேன். அவளைத் தூக்கும்போதெல்லாம் என் கைக்குக் கனமாகத்தான் இருந்தாள். என் கையை நான் நம்பவில்லை.

புதன் காலையில் அவளுக்குத் தடித்த பாவாடை சட்டை போட்டேன். வெள்ளிக் கொலுசு, கால் தண்டை, இரண்டு கையிலும் காப்பு, இடுப்பில் அரைஞாண். அண்ணன் வாங்கித்தந்த கம்பளிக் குல்லாயையும் மாட்டினேன். எப்படியாவது கொஞ்சம் கூடட்டும்.

பக்கத்து வீட்டுக்காரி தன் பையனை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஊசிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். என் மகளைப் பார்த்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே! ஏளா, ஊசிக்குப் போறியா, கோயில் கொடைக்குப் போறியா? பிள்ளைய சப்பரம் கணக்கா சோடிச்சு வச்சிருக்க!"

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் என் மகளின் தொடையைப் பிடித்துக் கிள்ளிப் பார்த்தாள். "இதுவா மெலிஞ்ச பிள்ள? கீளி மீன் கணக்கா கொழுகொழுன்னு இருக்கா. சும்மா வா."

அவள் சொன்னால் ஆயிற்றா?

சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால் அது ஒரு திருவிழாதான். எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, அத்தனை பிள்ளைகளும் மடியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒன்று அழத் தொடங்கினால் வெளியே இருக்கிறது காதைத் தீட்டும். அப்புறம் அதுவும் தொடங்கும். பிறகு வரிசை முழுக்க ஒரே குரல். எதற்கு அழுகிறோம் என்று அதில் பாதிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் யாரோ ஒருத்தி கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தான்.

எங்கள் முறை வந்தது. நர்சம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாத்தையும் கழட்டும்மா."

"கொலுசு மட்டும் இருக்கட்டுமே..."

"கொலுசுக்கு ஊசி போட மாட்டேன். கழட்டு."

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கழற்றும்போது பிள்ளையே குறைகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் அவள் குல்லாயோடு மட்டும் உட்கார்ந்திருந்தாள். அதையும் நர்சம்மா எடுத்தார்.

தராசில் ஒரு மெல்லிய துணியை விரித்துவிட்டு நர்சம்மா ஒரு பட்டனை அமுக்கினார். கீக் என்று சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அது எதுக்கு அமுக்குதிய?" என்று கேட்டேன்.

"துணி எடை சேராம இருக்கத்தான். இத அமுக்கிட்டா துணிய அதுவே கழிச்சிரும். பெறகு பிள்ளைய மட்டும் காட்டும்."

மகளைப் படுக்கவைத்தார். அவள் காலை உதறினாள். எண் அங்கேயும் இங்கேயும் ஓடி நின்றது.

"எட்டு கிலோவுக்கு மேல இருக்கு. நல்லா ஏறியிருக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"ஏம்மா, இன்னும் பத்துத் தடவ பாத்தாலும் ஒம் பிள்ள கொறைய மாட்டா" என்றார் நர்சம்மா. ஆனாலும் எனக்காக இன்னொரு தடவை நிறுத்தார். எட்டுக்கு மேலேயேதான் நின்றது.

நான் அங்கேயே நின்று மண்டிக்குப் போன் போட்டேன். பின்னால் இருந்த வரிசை சத்தம் போட்டது. எனக்குக் காதில் விழவில்லை.

"ஏங்க, அன்னைக்கு அண்ணாச்சி கடகத்த மொதல்ல வச்சு ஒரு பட்டன அமுக்குனாருல்லா?"

"ஆமா."

"அப்பவே மெஷினு கடகத்தக் கழிச்சிட்டுது. அதுக்கு மேல நீங்களும் ஒண்ணு கழிச்சிட்டிய."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ மெதுவாக ஏதோ சொன்னார். அதற்கப்புறம் அண்ணாச்சி சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி நர்சம்மாவுக்கே கேட்டிருக்கும்.

"ஏலே, பிள்ளைக்கே கழிவு போட்டியோ! நல்ல வேள, சர்க்கார் முத்திர குத்துற வரைக்கும் சரக்குக்குப் பழைய தராசுதான்; அந்த மெஷின்ல ஏத்துனது ஒம் பிள்ளைய மட்டுந்தான். கருப்பட்டியா இருந்தா கொண்டுவந்தவனுவ மண்டிய அடிச்சு நொறுக்கியிருப்பானுவ!"

நான் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதையை வரிசைக்கு எடுத்துச் சொல்ல, அத்தனை பொம்பளைகளும் சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அதற்குள் நர்சம்மா கையில் ஒன்று, தொடையில் ஒன்று என்று ஊசியைப் போட்டு முடித்து, விட்டமின் மருந்தையும் வாயில் ஊற்றிவிட்டார். மகள் வீறிட்டாள். முதல் தடவையாக, ஊசி போடுவதை நான் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த அரை மணிக்குள் என் வீட்டுக்காரர் வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சட்டையெல்லாம் கருப்பட்டித் தூள். நேராக நர்சம்மாவிடம் போனார்.

"ஒரு தடவ நான் பாத்துக்கிடட்டுமா?"

"வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றார் நர்சம்மா.

மகளை மறுபடி தராசில் கிடத்தியதும் அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"வெயிலு" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு எடை பார்க்கவோ ஊசிக்கோ நாங்கள் போன எந்தப் புதன்கிழமைக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. மண்டியில் அண்ணாச்சியே விரட்டிவிடுவார்: "போலே, கழிவு போடாமப் பாத்துட்டு வா." எனக்குச் செவ்வாய்க்கிழமைப் பயம் நிற்கவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேராகப் பயப்படுகிறோம். அது கொஞ்சம் பரவாயில்லை.

ஒன்றரை வயது ஊசிக்குப் போனபோது அவள் தராசில் தானே ஏறி நின்றாள். கையில் அப்பா கொடுத்த கருப்பட்டித் துண்டு. எண் நின்றதும் நர்சம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"கையில உள்ள கருப்பட்டிக்குக் கழிக்காண்டாமா?"

நர்சம்மா மகளைப் பார்த்தார். அவள் அந்தத் துண்டை மொத்தமாக வாய்க்குள் தள்ளிவிட்டு, கன்னம் உப்ப எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனி எங்கன கழிக்க?" என்றார் நர்சம்மா. அப்படியே எழுதிக்கொண்டார்.