நைனாவின் நாலாவது சீலம்

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போய், டியூபில் ஓர் ஒட்டும் தலையில் ஐந்து சீலமுமாகத் திரும்பி வந்தார். அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும்போது இந்த மனுஷருக்குப் புத்தர் எதற்கு என்று அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது.

சைக்கிள் கடைக்காரர் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த தமிழர். நைனா வயதுதான். ரங்கூனில் புத்த பிக்குகளிடம் கற்றதை, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பார். வாழ்க்கையில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் பற்று. பற்றை விட்டால் துன்பமும் விடும். விடுவதற்கு எட்டு அங்கம் கொண்ட ஒரு வழி உண்டு. இவ்வளவையும் நைனா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒப்பித்தார்.

"துன்பம் இருக்குதுன்னு கண்டுபுடிக்க பர்மா வரைக்கும் போவணுமா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள் அம்மா.

அந்த வழியில் காலெடுத்து வைக்கும்போதே ஐந்து சீலம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதாவது ஐந்து சபதம். உயிரைக் கொல்லமாட்டேன், திருடமாட்டேன், பிறன் மனை நோக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன். திருட்டும் குடியும் நைனாவுக்கு முன்பே கிடையாது. மூன்றாவதைப் பற்றி அம்மா, "அத்த எடுத்துக்கினா இன்னா, எடுக்காட்டி இன்னா? உங்களை யாரு வந்து கூப்புடறா?" என்று முடித்துவிட்டாள். மிச்சம் இருந்த இரண்டும்தான் எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்தன.

முதலாவதால் பிழைத்துக்கொண்டவை எங்கள் வீட்டு மூட்டைப்பூச்சிகள். நசுக்கக் கூடாது என்று நைனா ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தெருவில் விட்டுவிட்டு வருவார். எதிர்வீட்டுக்காரி, "உங்க வூட்டு விருந்தாளிங்கல்லாம் எங்க வூட்டுக்கு வந்துக்கினு இருக்குதுங்க" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். நியாயமான சண்டை. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே பேசியிருப்பேன்.

அப்புறம் எங்கள் பிழைப்பான பட்டு நெசவே வந்து மாட்டியது. ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் புழு கொதிக்கிற தண்ணீரில் செத்திருக்கும் என்று நைனாவுக்கு ஒருநாள் திடீரென்று உறைத்துவிட்டது. தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"புழுவை நாமளா கொன்னோம்? பெங்களூர்க்காரன் கொன்னான். நாம நூலைத்தானே வாங்கறோம்" என்றாள் அம்மா.

நைனாவுக்கு மனசு ஆறவில்லை. பர்மாக்காரரிடம் போய்க் கேட்டார். "கருவாடு இல்லாம எனக்குச் சோறே எறங்காது. என்னைப் போய்க் கேக்கறியேபா" என்று அவர் கையை விரித்துவிட்டாராம். நல்ல மனுஷர். கடைசியில் நைனாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் தறியில் உட்காரும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "எல்லா உயிரும் நல்லா இருக்கணும்" என்று மூன்று தரம் சொல்வார். "நாமளுந்தான்" என்று அடுப்படியிலிருந்து அம்மா சேர்த்துக்கொள்வாள்.

நாலாவது சீலம் இருக்கிறதே, அது நெசவாளிக்கு ஆகவே ஆகாது. பட்டுக்கடை ஆள் வந்து "தறியிலேர்ந்து புடவை எப்ப அறுப்பீங்க?" என்று கேட்டால் "நாளன்னிக்கு" என்பதுதான் எங்கள் தெருவின் பதில். தறியில் பாதிப் புடவை நின்றாலும் நாளன்னிக்குத்தான். பாவு நூல் இன்னும் ஏற்றவே இல்லையென்றாலும் நாளன்னிக்குத்தான். கேட்கிறவருக்கும் அது தெரியும். நைனா சீலம் எடுத்த வாரம் அந்த ஆள் வந்து வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னும் பதினோரு நாள் ஆவும்" என்றார் நைனா.

அந்த ஆள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னாபா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் தலையில் விடிகிற வரைக்கும். எனக்கு அப்போது வயது இருபத்தாறு, வெளியே சொல்வது இருபத்திரண்டு. நாலு வருஷத்தில் ஆறு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். ஒரு தகவலும் வரவில்லை. என் முன்பல் கொஞ்சம் எடுப்பு. அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கையால் வாயைப் பொத்தியபடி சிரிக்கப் பழகிவிட்டேன். கூடப் படித்தவளெல்லாம் இரண்டாவது பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டாள். நான் மட்டும் நைனா பக்கத்தில் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தேன். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. அந்தப் பக்கத்துக் கரைக்கு, ஊடு நூல் ஓட்டும் நாடாவை வாங்கி எறிய இன்னொரு ஆள் வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த ஆள் நான்.

ஏழாவதாக ஆரணியிலிருந்து ஓர் இடம் வந்தது. இதுவும் போனால் இனிமேல் யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் சத்தமாகவே அழுதாள். உள்ளூர நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை நைனா பொய் சொல்லமாட்டாரே! வயசைக் கேட்டால்? அம்மா நேராக சைக்கிள் கடைக்கே போய்விட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாளைக்கு அந்த நாலாவதை மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"அதெல்லாம் முடியாதுமா. ஆனா சும்மா இருக்கலாம். சும்மா இருக்கிறது பொய்யில்ல" என்றார் பர்மாக்காரர்.

அம்மாவுக்குப் புத்தர் மேல் முதல்முறையாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் வந்தார்கள். நான் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்து ஓரமாக நின்றேன். அம்மா இருபத்திரண்டு என்றபோது நைனா மூங்கில் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஆறு எடம் வந்து போயிருக்குதாமே. தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டுடறேன். பொண்ணுகிட்ட இன்னா கொறை?"

"ஜாதகம்தான்..." என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

"நான் அவரைக் கேக்கறேன்மா."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார். பர்மாக்காரர் சொல்லிக் கொடுத்தது. மூச்சைக் கவனித்தால் மனசு அடங்கும் என்பார். அவர் மனசு அடங்கியதோ என்னவோ, எங்கள் மனசு ஒன்றும் அடங்கவில்லை. பல்லைச் சொல்லப் போகிறார் என்று நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"கொறை பொண்ணுகிட்ட இல்லைங்க. ஆறு பேர்ல நாலு பேரு சம்மதம்னுதான் சொல்லி அனுப்புனாங்க. நான்தான் தரகர்கிட்ட ஜாதகம் சேரலன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். வூட்ல கூடச் சொல்லல."

அம்மா கையிலிருந்த பஜ்ஜித் தட்டு சாய்ந்தது. ஒருவரும் குனிந்து பொறுக்கவில்லை.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கோர்வைக்கு ஆள் இல்லாம போயிடும்னு மொதல்ல நெனச்சேன். ஆள் வச்சிக்கலாம்னு அப்புறம் தோணிச்சு. அப்பவும் அனுப்ப மனசு வரல. பற்றுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தறியையே பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, ஆத்திரத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நாலு பேரா! என்னை நாலு பேருக்குப் பிடித்திருந்ததா!

"யாரு நைனா அந்த நாலு பேரு?" என்று கேட்டேவிட்டேன். பெண் பார்க்க வந்த கூடத்தில் பெண் கேட்கிற கேள்வியா அது?

பாவம், அவரால் பொய் சொல்ல முடியாது. வரிசையாகச் சொன்னார். செய்யாறு, உத்திரமேரூர், திண்டிவனம். நாலாவது வாலாஜாபாத். போகும்போது வாசலில் திரும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளை. அந்தச் சிரிப்பு என் பல்லைப் பார்த்துத்தான் என்று நான் எத்தனை நாள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறேன்!

"பாவி மனுஷா! நாலு வருஷமா என் பல்லுதான்னு நெனச்சிக்கினு இருந்தேனே!" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

நைனா மிரண்டு போய் என்னைப் பார்த்தார். "பல்லுக்கு இன்னா? நல்லாத்தானே இருக்குது" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தன. வாயைப் பொத்த மறந்துபோனேன். மாப்பிள்ளை மட்டும் கீழே குனிந்து பஜ்ஜிகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"எங்களுக்குப் புடிச்சிருக்குது. நீ இன்னாமா சொல்றே?" என்று அவர் அம்மா என்னைக் கேட்டார்.

"சம்மதம். நாளைக்கு ஜாதகம் சேரலன்னு தரகர் வந்து சொன்னா நம்பாதீங்க" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு நைனா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பொண்ணைக் குடுக்க மனசு இருக்குதா?"

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது பொய்யில்லை. நைனா மூச்சைக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மனசு இல்லைங்க" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆனா குடுக்கறேன்" என்றார்.