டீச்சர் தலைக்கு மேல் ஒரு கால்

பிரயாத் இரண்டாவது தடவையாகக் காலுக்குச் சோப்புப் போடுகிறான். பழைய பல்துலக்கியை விரலிடுக்கில் விட்டுத் தேய்க்கிறான், குதிகாலைக் கல்லில் உரசுகிறான், தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு மறுபடி சோப்பை எடுக்கிறான். பயிற்சிக் கூடத்துக் குழாயடியில் தினமும் மாலை நாலரைக்கு, வகுப்புக்கு முன்னால், இது நடக்கும்.

"அண்ணே, காலைக் கழட்டி வெளுத்துக் காயப்போட்டுட்டு வாங்களேன், நாங்களும் கழுவணும்ல" என்பார்கள் பின்னால் நிற்பவர்கள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நாற்பத்தொரு வயது. தாய்லாந்தின் கோராட் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகரக் கூரைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக முவாய் தாய் என்னும் உதைச்சண்டைக்கு மாஸ்டர். இளவயதில் ஊர் ஊராகப் போய்த் தொண்ணூறு சண்டை போட்டவன். எதிராளியின் தலையில் உதைத்து அவன் மல்லாந்து விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் இப்போது ஒரு காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கூடத்து முதலாளியம்மா சமோன் போட்ட உத்தரவுதான் காரணம். "வர்றவங்க ரெண்டும் கேக்கறாங்கப்பா. உதைக்கவும் தெரியணும், உருளவும் தெரியணும். ஏப்ரல் தண்ணித் திருவிழாவுக்குள்ள ரெண்டையும் சொல்லிக்குடுக்கத் தெரியாதவங்க வேற எடம் பாத்துக்கலாம்." பிரயாத் தரையில் உருண்டு மல்லுக்கட்டும் ஜியு-ஜிட்சுவில் நீலப் பெல்ட் வாங்கியாக வேண்டும். மாணவர்கள் உதைக்கப் பேட் பிடித்தே காப்புக்காய்ச்சிய கைகளுக்கு வேறு எந்த வேலை தெரியும்? அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

பெல்ட் கொடுக்க வேண்டியவள் அதே கூடத்து ஜியு-ஜிட்சு டீச்சர் வான்னி. முப்பத்தைந்து வயது, தரைச் சண்டையில் புலி. ஆனால் அவளுக்கு உதைக்க வராது. உத்தரவு அவளுக்கும் உண்டு என்பதால் காலையில் பிரயாத்திடம் அவள் மாணவி. மாலையில் அவளிடம் அவன் மாணவன். காலையில் குத்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். "விடும்மா, உதைன்னா உதைக்கணும், இப்படிப் பலாப்பழம் மாதிரி தொங்கப்படாது" என்று அவன் கத்துவான். மாலையில் அவன் அவளைக் கீழே தள்ளிவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டடி பின்வாங்கி நிற்பான். விழுந்தவரை முவாயில் யாரும் தொடுவதில்லை, நடுவர் குறுக்கே வந்துவிடுவார். இங்கே எந்த நடுவரும் வருவதில்லை. தூக்கிவிடலாமென்று அவன் கை நீட்டுவான். அவள் அந்தக் கையையே பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிடுவாள்.

மதியம் நூடுல்ஸ் கடையில் எதிர்ப்பட்டால் இன்னும் சிக்கல். யார் முதலில் கை கூப்புவது? வயதில் அவன் மூத்தவன், காலை வகுப்புக்கு மாஸ்டர். ஆனால் மாலை வகுப்புக்கு அவள் டீச்சர். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் கிண்ணத்துக்குள் மிளகாய்த் தூளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது கைப்பூட்டு. கீழே கிடப்பவரின் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை அவர் தலைக்கு மேலாக வீசி முகத்துக்குக் குறுக்கே போட்டு, அழுத்தியபடி பின்னால் சாய வேண்டும்; வலி தாங்காமல் அவர் தரையில் தட்டினால் தோற்றதாக அர்த்தம். பிரயாத் கையைச் சரியாகப் பிடிப்பான், காலையும் தூக்குவான். அது டீச்சரின் தலைக்கு மேல் வந்ததும் அப்படியே நின்றுவிடும். படுத்திருக்கும் ஒருவரைத் தாண்டிப் போகக்கூட மனசு வராதவன் அவன். இது குருவின் தலை. முகத்துக்கு ஒரு சாண் மேலே அந்தக் கால் அந்தரத்தில் நிற்க, அவள் சாவகாசமாக எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"காலைப் போடுங்கண்ணே! தொண்ணூறு பேர் தலையில உதைச்சிருக்கீங்க, இப்ப என்ன வந்துச்சு?"

"அவங்கெல்லாம் நின்னுக்கிட்டு இருந்தாங்க டீச்சர்."

"படுத்தா தலை மாறிடுமா?"

அவன் இரண்டு நாள் அதையே யோசித்தான். வீட்டில் தலையணையை வைத்துப் பழகலாமென்று அதன் மேல் காலைப் போட்டான். மனைவி லம்யாய் அகப்பையோடு ஓடிவந்தாள். "தலை வைக்கிற எடத்துல காலா? புத்தி பிசகிப் போச்சா உனக்கு?" தலையணையும் பறிபோயிற்று.

பெல்ட் பரீட்சையன்று பிரயாத் ஒரு தாம்பாளத்தோடு வந்தான். மல்லிகை மாலை, மெழுகுவத்தி, ஊதுபத்தி. பெரியவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கும் தட்டு அது. வான்னியின் முன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். கூடமே வேடிக்கை பார்த்தது.

"தப்பு பண்ணிட்டுத்தாண்ணே இது கேப்பாங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

"இன்னும் பண்ணல. இனிமேத்தான்."

அவள் சிரிக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரி, மன்னிச்சாச்சு. ஆனா விட்டுக்குடுக்க மாட்டேன். நான் தட்டினாத்தான் பெல்ட்டு."

விட்டும் கொடுக்கவில்லை. நாலு நிமிஷம் அவனைத் துணி பிழிவதுபோல் பிழிந்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் அவள் கை அவனுக்கு வசமாக மாட்டியது. கால் எழும்பியது, தலைக்கு மேல் வந்தது, நின்றது. அவள் எழப் பார்த்தாள். பிரயாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க டீச்சர்!" என்று கத்தியபடி காலை இறக்கினான். கெண்டைக்கால் அவள் நெற்றியில் அழுந்தியது. அவன் பின்னால் சாய்ந்தான். பட் பட்டென்று அவள் விரிப்பில் தட்டினாள்.

நீலப் பெல்ட்டை அவளே அவன் இடுப்பில் கட்டிவிட்டாள். சமோன் அம்மா தூரத்திலிருந்து தலையாட்டினாள். வேலை தப்பியது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். லம்யாய்க்குப் போன் பண்ணச் சொன்னார்கள். அவனுக்கோ சந்தோஷப்படுவதா அழுவதா என்று விளங்கவில்லை. குழாயடிக்குப் போனான்.

இடது காலைக் கழுவினான். வலது காலை நீட்டினான். டீச்சரின் தலையில் பட்ட கால் அது. அழுக்கென்று கழுவுவதா, ஆசீர்வாதமென்று விடுவதா? தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை நீண்டது.

"அண்ணே, என்ன யோசனை? கழுவுங்க!"

பிரயாத் குழாயை மூடினான். ஈரமாகாத வலது காலைப் பார்த்துப் பார்த்துச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, சோப்பை டப்பாவில் போட்டு மூடினான்.