மஞ்சள் மீன் சாப்பிடாத நாட்கள்

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில், பெரிய வீடொன்றில் உதயகலா தனியாக இருந்தாள். வீடு தம்பி சிவதர்ஷனுடையது. கனடாவுக்குப் போகும்போது விறாந்தையில் ஒரு மீன்தொட்டியையும் அதற்குள் சில சிக்லிட் மீன்களையும் அவன் விட்டுப் போனான். ஆப்பிரிக்க ஏரி மீன்கள். கேத்திலில் சுண்ணாம்பு படிய வைக்கும் கிணற்றுத் தண்ணீர் அவற்றுக்குச் சொந்தத் தண்ணீர்போல ஒத்துக்கொண்டது.

தம்பி வீடியோ அழைப்பில் எடுக்கும்போதெல்லாம், "அக்கா, போனைத் தொட்டிக்குக் கிட்டப் பிடியுங்கோ" என்பான். பிடிப்பாள். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. அவனுக்குப் பிள்ளை பிறந்த பிறகு அந்த அழைப்புகளும் குறைந்தன.

மஞ்சள் பெண் மீன் முதல்முறை சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் ஒதுங்கியபோது, ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்து உப்பும் மஞ்சள்தூளும் கலக்கிவிட்டாள். புண்ணோ தொண்டை நோவோ, அவள் வீட்டில் முதல் தேடுவது அதைத்தான். மீன் வாயைத் திறந்து முட்டைகளைத் துப்பியது. மற்றவை ஓடிவந்து தின்று முடித்தன. குஞ்சுகள் நீந்தும்வரை தாய் வாய்க்குள்ளேயே வைத்திருக்கும், அதுவரை ஒன்றும் தின்னாது என்பதைப் பிறகுதான் போனில் தேடி அறிந்தாள்.

உதயகலா கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று மஞ்சள் மீன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. தாடை புடைத்திருந்தது. அன்றைக்கே தம்பி போன் எடுத்தான்.

"உங்களுக்கு வீண் கரைச்சல், அக்கா. யாழ்ப்பாணத்தில மீன்கடை வைச்சிருக்கிற கோபிசங்கர் வந்து எல்லாத்தையும் கொண்டுபோவான்."

"ஓம்" என்று சம்மதித்தாள். அவள் வாயில் எப்போதும் முதலில் வருவது அதுதான்.

கோபிசங்கர் வாளிகளோடு ஓட்டோவில் வந்தான். வலையைத் தண்ணீருக்குள் விட்டான். அறியாத ஆம்பிளையோடு கதைக்க உதயகலாவுக்கு நாக்கு எழும்பாது. கதவைப் பிடித்தபடி நின்றாள். வலை மஞ்சள் மீனை மூலைக்கு நெருக்கியது.

"தம்பி, உந்த மஞ்சளைப் பிடியாதேங்கோ."

"ஏனக்கா?"

"வாய்க்குள்ள முட்டை. பயந்தால் துப்பிப்போடும்."

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "அக்காவும் விரதம், மீனும் விரதமோ? எல்லாத்தையும் எண்டல்லோ அவன் சொன்னவன்."

"அவனுக்கு நான் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"நான் குடுக்கேல்லை எண்டு."

குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

அவன் வலையை எடுத்தான். "ஆண் மீன் நிண்டால் துரத்தித் துரத்தியே துப்ப வைச்சிடும். மற்றதுகளைக் கொண்டுபோறன். தொட்டியும் இதுவும் நிக்கட்டும்."

அவ்வளவு பெரிய தொட்டியில் மஞ்சள் மீன் ஒற்றையாக நின்றது. தம்பியிடம் சொன்னபோது, "சரி, வைச்சிருங்கோ" என்றான். பின்னால் பிள்ளை அழுதது. தொட்டியைக் காட்டச் சொல்லவில்லை.

விரதம் முடிக்கும் பாறணை அன்று அவள் சாப்பிட்டாள். மீன் சாப்பிடவில்லை.

பிறகொரு மழைப் பகலில் தாய் வாயைத் திறந்தது. அரிசிக் குருணை அளவில் குஞ்சுகள் வெளியே வந்தன. உதயகலா கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்க்க ஓடினாள். அவள் நிழல் விழுந்ததும் அத்தனையும் திரும்ப வாய்க்குள் போயின. வாய் மூடிக்கொண்டது.

கதிரையைத் தூக்கிப்போய் விறாந்தையின் மறுகோடியில் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. இந்நேரம் வெளியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.