பன்னிரண்டு வோல்ட்தானே!

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. மதுக்கரையிலிருந்து பவானிக்கு, என் மாமியாரின் தம்பி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாமியாருக்கு நுரையீரல் பிரச்சினை. கரன்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் கொஞ்ச நேரம்கூட இருக்க முடியாது. "எந்தம்பி ஊடு கட்டியிருக்கான், நான் போவாம இருப்பனா?" என்று ஒரே பிடிவாதம்.

காரில் இன்வெர்ட்டர் பொருத்தி, பேட்டரியிலிருந்து மெஷினை ஓட்டலாம் என்று யோசனை சொன்னவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். பெரியநாயக்கன்பாளையத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நானும் எலக்ட்ரீசியன்தான், பதினெட்டு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். ஆனால் மாமியார் வீட்டில் மிக்ஸி கெட்டால்கூட அவருக்குத்தான் போன் போகும். எனக்கு வயிறு எரியும்.

"சின்ன மாப்பிள்ளையே மாட்டிக் குடுக்கட்டுமுங்க" என்று என் மனைவியும் சொன்னபோது, அந்த எரிச்சல் உச்சிக்கு ஏறியது. என் காரில்தான் போகிறோம், நான்தான் பொருத்துவேன் என்று நின்றேன். முந்நூறு வீட்டுக்கு இருநூற்று முப்பது வோல்ட் கொடுத்தவனுக்கு இந்தப் பன்னிரண்டு வோல்ட் எம்மாத்திரம்? ஒரு கட்டடத்தில் மீந்த வீட்டு ஒயரையே பேட்டரியிலிருந்து இழுத்தேன். எர்த்தை, கார் தகரத்தில் கையில் சிக்கிய ஒரு போல்ட்டில் முறுக்கினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது.

கிளம்பும்போது சகலை பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணா, கேபிள் மெலிசா இருக்குங்ளே. பன்னெண்டு வோல்ட்டுல ஆம்பியர் ரொம்ப இழுக்குமுங்க, ஒயரு சூடாயிருமுங்க. எர்த் போல்ட்டுலயும் பெயின்ட்டைச் சுரண்டிப்போட்டு மாட்டுனா தேவலைங்க" என்றார். எதற்கும் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சுர்ரென்றது. "என் வேலைல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிலிண்டரை வேண்டாமென்றேன். அவர் போய்த் தன் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பெருந்துறையைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. தீய்ந்த வாடை. மெஷின் நின்றுவிட்டது. ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் மாமியார் வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. என் மனைவி "அம்மா, அம்மா" என்று அலறினாள்.

அதற்குள் பின்னால் வந்த சகலை ஓடி வந்தார், கையில் சிலிண்டரோடு. என்னிடம் சொல்லாமல் தன் வண்டியில் எடுத்து வைத்திருக்கிறார். மாமியாருக்கு மாட்டிவிட்டு, மூச்சு சீரானதும் பானெட்டைத் திறந்தார். ஒயரின் மேலுறை இளகிப்போயிருந்தது. எர்த் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் கருகியிருந்தது. சகலை தன் டிக்கியிலிருந்து கட்டை விரல் தடிமனில் கேபிளைக் கொண்டுவந்தார். பேட்டரி பக்கத்தில் பியூஸ் வைத்து, தகரம் பளபளக்கும்வரை சுரண்டி எர்த்தை இறுக்கினார். மெஷின் மறுபடி ஓடியது.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க அண்ணி. பியூஸ் போயிருச்சு. நான் குடுத்த பழைய பியூஸுங்க, என் தப்புத்தான்."

அவர் எனக்கு எந்தப் பியூஸும் கொடுக்கவில்லை. நான் பியூஸே வைக்கவில்லை.

பவானியில் பந்தியில் உட்கார்ந்தபோது, பழைய பியூஸ் கதையைக் கேட்டு ஆளாளுக்குச் சகலையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் முகம் கொடுத்தே பேசவில்லை. "உசுரு வெளையாட்டுங்களா மாப்ள?" என்று மாமியாரின் தம்பி எல்லார் முன்பும் கேட்டார். "தப்புத்தானுங்க மாமா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எதிர் வரிசையில் நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கேவலம், அவர் திட்டு வாங்குவதைப் பார்க்க உள்ளுக்குள் ஒரு மூலையில் சுகமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சுகம் என்னை அறுக்க ஆரம்பித்தது. மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. மாமியார் வீட்டில் இன்றைக்கும் அவரைக் கொண்டாடுகிறார்கள், எனக்கும் இன்றைக்கும் பொறாமை வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் கொண்டாடுவது போதாது என்று தெரிந்தவன் அந்தக் குடும்பத்திலேயே நான் ஒருவன்தான்.