அம்பிகாவின் இரண்டாவது ஆல்பம்

எங்கள் பேண்டின் பெயர் 'பெருமுக்கல் பாய்ஸ்'. பாடுவது அம்பிகா. பாய்ஸ் என்று போட்டுவிட்டுப் பொம்பளை பாடுகிறாளே என்று கேட்காத ஊரே கிடையாது. முதல் கச்சேரிக்குப் பேனர் அடித்தபோது பாட ஒரு ஆம்பளை இருந்தான். அடித்த மறுவாரமே சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். பேனரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. "நானும் ஒரு பாய்தான், வுடுண்ணா" என்று அம்பிகா சிரிப்பாள்.

நான் ஜெகதீசன். திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை, கச்சேரி என்றால் கிட்டார். வீரமுத்து பம்பை, சந்தோஷ் கீபோர்டு. கிட்டாரும் பம்பையும் சேர்ந்து அடிக்கிற எங்கள் இசையைக் காலேஜ் பசங்கள் கிராமத்து ராக் என்றார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

அம்பிகாவுக்குக் கண்டமங்கலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்திப் பேசி வளர்ந்த குரல். புதுச்சேரியில் ஒரு மாத்திரை கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். நாற்பது பெண்கள் அவளுக்குக் கீழே. மெஷின் சத்தத்தைத் தாண்டி அவள் கூப்பிட்டால் கடைசி வரிசையில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாளாம். அந்தக் குரலுக்காகத்தான் அந்த வேலையே கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துத் திருவிழாவில் பாட்டு நன்றாக இருந்ததா என்று எவனும் கேட்க மாட்டான். ஏரிக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சா என்றுதான் கேட்பான். தென்னை மரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் எடுபடாது, கீச்சென்று மேலே போனால்தான் நாலு தெருவுக்கும் போகும். அதனால் சுருதியை ஏற்றிவைக்கிற கிளிப்பைக் கிட்டாரின் நாலாவது கட்டத்தில் மாட்டினேன். மாட்டியதுதான், ஏழு வருஷம் கழற்றவில்லை. முதல் ஆல்பம் முழுக்க அந்தச் சுருதிதான். மினி பஸ், டிராக்டர், டீக்கடை எல்லாவற்றிலும் ஓடியது.

போன வருஷம் ஆடியில் காணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கூழ் ஊற்றும் திருவிழா. அந்த வாரத்தில் எங்களுக்கு அது மூன்றாவது ஊர். அம்பிகாவுக்கு நாலு நாளாய்க் காய்ச்சல்.

"அண்ணா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் கிளிப்பை எறக்கேன். தொண்டை கட்டிக்கினு கீது."

"எறக்குனா புனல்ல எடுபடாதும்மா. மிளகைக் கடிச்சுக்கினு பாடு" என்றேன். இதை நான்தான் சொன்னேன், வேறு எவனும் இல்லை.

கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அம்மன் வர்ணிப்பு பாட வேண்டும். சாமி வந்து உத்தரவு கொடுக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது, அதுதான் முறை. அந்த ஊரில் சாமி வருவது கோவிந்தம்மாள் மேல். வருஷா வருஷம் நாலாவது அடியிலேயே வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஆனது. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தோம். அம்பிகாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தாடையைத் தூக்கினேன். ஏத்து என்று அர்த்தம். அவள் ஏற்றினாள்.

அப்புறம் இருமினாள். வாயைத் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது. பெரியவர்கள் பயந்துபோய்க் கற்பூரம் காட்டி முடித்துவிட்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது. மரக்காணத்தில் கோவிந்தம்மாளின் தம்பி இறந்துபோன சேதி அன்று காலையில் வந்திருக்கிறது. தீட்டு. சொன்னால் திருவிழா நின்றுவிடுமே என்று யாரிடமும் சொல்லாமல், கோயில் பக்கமே வராமல் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். கூட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சாமி ஏற வேண்டிய ஆள் அங்கே நிற்க, நாங்கள் இங்கே பாடிக்கொண்டே இருந்தோம். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஊர் நல்லதுக்குத்தான் மறைத்தாள்.

குரல் நாண் வெடித்திருக்கிறது, மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக் கூடக் கூடாது என்றார் டாக்டர். அப்படி இருந்தால் சரியாகலாம் என்றார். அம்பிகா எல்லாவற்றையும் போனில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள்.

ஆறாவது வாரம் ஸ்டுடியோவில் எங்களுக்குத் தேதி. தள்ளிப் போட்டிருக்கலாம். சந்தோஷ் அவள் முன்னாலேயே, "வேற செட்டுல பாடுற கலைப்பிரியாவ பாடச் சொல்லலாமாண்ணா, நல்லா பாடுது" என்றான். அம்பிகாவின் முகம் செத்துப்போனது. நான் பாவி, அந்த நேரம் பார்த்து, "நீ மெதுவாதானே பாடப்போற, பேசுற மாதிரி. என்னா ஆயிடப்போவுது?" என்றேன். அவள் போனில் எழுதினாள்: 'கலைப்பிரியா வேணாம். நானே வர்றேன்.'

அன்றைக்குக் கிளிப்பைக் கழற்றினேன். துரு பிடித்திருந்ததால் குறடு போட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அவள் கேட்டபோது இறக்காத சுருதியை ஆல்பத்துக்காக இறக்கினேன். பம்பை அடித்தால் அவள் குரல் கேட்காது என்பதால் வீரமுத்து நாலு நாளும் வெளியே படியில் உட்கார்ந்து பீடி பிடித்தார். உள்ளே ஒரு கிட்டாரும், கரகரவென்று பாதி காற்றாய் வரும் குரலும் மட்டும். நாலாம் நாள் சாயங்காலம் கடைசிப் பாட்டின் நடுவிலேயே குரல் நின்றுபோனது. பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டோம். அந்த முடிவு பிரமாதம் என்று எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா?

ஆல்பம் பேர் 'வரப்பு'. சவுண்டே மாறிப்போச்சு, வேற லெவல், வலி தெரியுது என்று பாராட்டு குவிந்தது. சென்னையிலிருந்து கலைமதி என்றொரு பெண் பேட்டிக்கு வந்தாள். "இந்த மாற்றத்துக்குப் பின்னாடி என்ன தேடல் சார்?" என்று கேட்டாள். ரெண்டு வருஷமாய் யோசித்து எடுத்த முடிவு என்றேன், கூசாமல். கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அம்பிகா பக்கத்தில்தான் இருந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

குரல் திரும்பவே இல்லை. டாக்டர் என்னைத்தான் ஏசினார், வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் அவளைச் சூப்பர்வைசரிலிருந்து இறக்கி அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள்.

இந்த ஆடியில் அதே ஊரிலிருந்து அழைப்பு. பழைய ஆல்பத்து வர்ணிப்பைப் புனலில் போட்டால் போதும், நீங்கள் வந்து நின்றால் மரியாதை என்றார்கள். அம்பிகா வருகிறேன் என்று எழுதிக் காட்டினாள். பாட்டைப் போட்டோம். அவளுடைய அந்தக் குரல் ஏரியைத் தாண்டிப் போனது. ரெண்டாவது அடிகூட முடியவில்லை, கோவிந்தம்மாள் தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள்.

"பாடுனவ யாரு? முன்னாடி வா."

அம்பிகா போய் நின்றாள். அவள் கழுத்தில் திருநீறு பூசினாள் கோவிந்தம்மாள்.

"எங்கிட்ட என்னா கேக்கணுமோ கேளு."

அம்பிகா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பிறகு போனை எடுத்து எழுதி நீட்டினாள். கோவிந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிக்கீறா? படி" என்றாள் என்னைப் பார்த்து.

நான் வாங்கிப் பார்த்தேன். 'அன்னிக்கு ஏம்மா வரல? அண்ணன் ஏத்து ஏத்துன்னுச்சு, நீ வரவேயில்லையே' என்று இருந்தது. ஊரே என் வாயைப் பார்த்தது.

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு எழுதியிருக்கும்மா" என்றேன்.

கூட்டம் கும்பிட்டது. அம்பிகா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொன்னேன் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.


புனலில் அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.